கொசுறாக வந்த இறால்

சாகக் கிடந்த மனிதரின் கடைசிச் சொல்லுக்கு ராய்ஸ் வைத்த விலை நானூறு டாலர். நோட்டுகளை மாத்திரை டப்பாவுக்கும் தண்ணீர்த் தம்ளருக்கும் நடுவே வைத்து, பறக்காமலிருக்கத் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மேலே பாரமாக வைத்தார்.

"ஒரே ஒரு நிறம்ண்ணே. சொல்லிட்டுப் போ. அங்க கொண்டுபோய் என்ன பண்ணப் போற?"

கட்டிலில் கிடந்த ஓரின் டாக்கெட் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். தம்பியைப் பார்க்க இரண்டு கண்களையும் செலவழிப்பானேன் என்பது அவர் கணக்கு. மகள் லீட்டா தலைமாட்டில் உட்கார்ந்து, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கட்டிலையும் ஆக்சிஜன் இயந்திரத்தையும் வீட்டுக்கே அனுப்பிவிட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே ஏரி தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டவள் அவள்தான். அதற்கு நன்றி என்று எதுவும் வரவில்லை. திரைச்சீலை மறைக்கிறது என்ற புகார்தான் வந்தது.

"உன் கடையிலதாண்டா வாங்குனேன்," என்றார் ஓரின். மூச்சு இரண்டு தவணையாக வந்தது. "பில் போட்டதும் நீதான்."

"என் கடையில எழுபது நிறம் தொங்குது."

"அப்ப எழுபதையும் போட்டுப் பாரு."

ராய்ஸ் புகையிலையைக் கன்னத்தில் இடம் மாற்றிக்கொண்டார். கடையைத் திறக்க வேண்டும், யோசித்துச் சொல் என்று எழுந்தார். பணத்தை எடுக்கவில்லை. லீட்டாவிடம் வாசலில் வைத்து, "உங்கிட்டச் சொன்னாலும் அதே வெலைதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கெல்லம் ஏரியில் வசந்தத்தில் தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் கல்லுக்கடியிலிருந்து கொடுக்கு வைத்த இறால்கள் ஊர்ந்து வெளியே வரும். பாஸ் மீன்களுக்கு அதுதான் கல்யாணச் சாப்பாடு. ஊர் ஆண்களுக்கு அந்த இறாலின் ரப்பர் பொம்மைதான் வேதம், அரசியல், குடும்பச் சண்டை எல்லாம். மெத்தென்று, உப்பும் பூண்டு வாசனையும் ஏற்றி, தூண்டில் முள்ளில் கோத்தால் தண்ணீருக்கடியில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தவிட்டு நிறமா, செங்கல் நிறமா, கறுப்பில் நீலமா என்பதில் மாமனும் மச்சானும் பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் அந்தக் கரையில் உண்டு.

அங்கே இன்னொரு பழக்கமும் இருந்தது. கரைக்குத் திரும்பும்போது, ஆட்கள் கண்ணில் படுமுன், மீன் பிடித்துக் கொடுத்த ரப்பர் இறாலை அறுத்து ஒளித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு நிறத்தைக் கட்டிக்கொள்வார்கள். எல்லோரும் செய்வார்கள், எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். ஓரின் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர். ஒரே படகில் பின்னால் உட்கார்ந்திருக்கும் சொந்த மகளுக்கே வேஷ இறாலைக் கட்டிக் கொடுத்தார். தன் முள்ளில் கோக்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். கல்யாணத்தை முறித்துக்கொண்டு வீடு திரும்பிய வருஷத்திலிருந்து லீட்டாவுக்குப் படகில் பின் இருக்கைதான். வேலை, கைவலையைப் பிடிப்பது. அப்பா மீனை இழுத்து வந்து, திரும்பிப் பார்க்காமலே ஒரு சொல் சொல்வார்: "வலை." அவள் குனிந்து மீனை அள்ளுவாள். நாள் முழுக்க அவர்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

மூன்று வசந்தமாக, ஊர் மீன்பிடிச் சங்கத்தின் போட்டியில் ஓரின்தான் முதல். ஜெயித்தவர் பெயரை ஒரு பலகையில் பொறித்து, மீன் எடை போடும் இடத்தில் மாட்ட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. எடை போடும் இடம் ராய்ஸின் தூண்டில் கடை. ஆக, மூன்று வருஷமாக ராய்ஸ் தன் கல்லாவுக்கு நேர் மேலே அண்ணன் பெயரை மாட்டிக்கொண்டு வியாபாரம் செய்தார். இந்தச் சனிக்கிழமை இந்த வருஷத்துப் போட்டி. நானூறு டாலர் அதற்குத்தான். நிறம் ராய்ஸுக்குப் போனால் பலகை இறங்கும். தனக்கு வந்தால் நிற்கும் என்று லீட்டாவும் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. ஓரினின் கை போர்வைக்கு மேலே எழுந்து, தூண்டில் கோலைப் பிடிப்பதுபோல் மடங்கியது. முகம் ஜன்னல் பக்கம்.

"வலை," என்றார்.

கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. படகில் சொல்கிற அதே குரல். லீட்டா சட்டென்று எழுந்துவிட்டாள். எழுந்து, திரும்பி, அறையில் தேடவும் தேடினாள். அவள் மறுபடி திரும்பியபோது அடுத்த மூச்சு வரவில்லை. வெறுங்கையோடு நின்றாள். பிறகு ஆக்சிஜன் இயந்திரத்தை அணைத்தாள். அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

சவப்பெட்டிக்காரரின் வண்டிக்கு முன்னால் ராய்ஸின் வண்டி வந்தது.

"ஏதாச்சும் சொன்னானா?"

"சொன்னாரு."

"என்ன?"

"வலை."

கள்ள நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் ராய்ஸ் அவளைப் பார்த்தார். "நானூறு பத்தலியா?"

"அவர் சொன்னதச் சொன்னேன் சித்தப்பா."

"அப்பனுக்குத் தப்பாத பொண்ணு." நோட்டுகளை எடுத்து எண்ணினார். குறையவில்லை. கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டார். வாசல் வரை போன பிறகு நினைவு வந்து, அண்ணனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். உடனே மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை சவப்பெட்டிக்காரர் போன் செய்தார். ஒரு நல்ல சட்டை வேண்டும். பையில் வைக்கிற சாமானையும் கொடுத்துவிட வேண்டும். சங்கத்து ஆள் இறந்தால் அவர் கடைசியாகப் போட்ட இறாலைச் சட்டைப் பையில் வைத்துத்தான் புதைப்பார்கள். "முள்ளோட முனைய நறுக்கிடுங்கம்மா," என்றார் அவர். "போன தடவ எங்க பையனுக்குக் கை கிழிஞ்சிடுச்சு."

லீட்டா அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு சட்டையிலும் இடது பையின் அடியில் ஆரஞ்சுக் கறை. அதோடு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பாவுக்கு இதயம் வீங்கியிருந்தது, உப்பு கூடாது என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் ஏரியிலிருந்து வரும்போது விரல் நுனியெல்லாம் சீஸ் பொரியின் ஆரஞ்சுத் தூள், மேலெல்லாம் பூண்டு வாடை. பொரியைப் பையில் போட்டுத் தின்கிறீர்களே, நான் என்ன வண்ணாத்தியா என்று அவள் கத்துவாள். டாக்டரும் திட்டுவார். ஓரின் இரண்டையும் பாலைக் குடித்த பூனைபோல் கேட்டுக்கொண்டிருப்பார்.

கறையில்லாத சட்டை ஒன்று படகில் கிடக்குமோ என்று கொட்டகைக்குப் போனாள். படகின் முன்தட்டுக்கு அடியில் ஒரு பெட்டி உண்டு. அவர் இருந்தவரை அவள் அதைத் தொட்டதில்லை. திறந்தாள். சட்டை இல்லை. சீஸ் பொரிப் பொட்டலங்கள் இருந்தன. எல்லாம் வாய் பிரித்தவை. எல்லாம் நிறைந்தவை. ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். நமுத்துப்போய் அட்டைபோல் இருந்தது. இந்த மனுஷன் ஒரு பொரிகூடத் தின்றதில்லை.

ஒரு பொட்டலத்தைக் கவிழ்த்தாள். பொரிக்கு நடுவிலிருந்து நகப்பூச்சுச் சீசா அளவில் ஒரு குப்பி உருண்டது. ஆரஞ்சுச் சாயம். மூடியைத் திறந்தால் பூண்டு மூக்கில் ஏறியது. கூடவே ஒரு கொடுக்குப் பிய்ந்த ரப்பர் இறால். பூசணித் தோலின் மங்கிய பச்சை, மேலே மிளகு தூவியதுபோல் புள்ளி. மிச்சமிருந்த கொடுக்கின் நுனி மட்டும் சாயத்தில் தோய்த்த ஆரஞ்சு.

கரைக்கு வரும் வழியில் அறுத்து, பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். சாயம் விரலில் ஒட்டும். அதற்குச் சாக்காகப் பொரி. சாயம் பையில் ஊறும். அதற்கும் பொரி. ஊரே தேடிய நிறத்தை அவள் வாராவாரம் வெளுப்புத் தூள் போட்டுத் தேய்த்து, போகமாட்டேன் என்கிறதே என்று சபித்துக்கொண்டிருந்தாள்.

இறந்து ஒரு நாள்கூட ஆகாத தகப்பனைச் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னாள். பொரிப் பொட்டலத்தை எட்டி உதைத்தாள். பிறகு அதையெல்லாம் கூட்டி அள்ளினாள். அந்த வீட்டில் கூட்ட வேறு ஆள் இல்லை.

அந்தப் பச்சை அவளுக்குத் தெரியும். ராய்ஸின் கடை வாசலில் கழிவுச் சரக்குத் தொட்டி ஒன்று இருக்கும். விற்காத சரக்கை அதில் கொட்டி வைத்திருப்பார். கோலுக்குப் போடும் மழை உறைகளும் துருப்பிடித்த முள்ளும் சீந்துவாரில்லாத அந்தப் பச்சை இறாலும் அதில்தான் கிடக்கும். உன் கடையில்தான் வாங்கினேன் என்று சாகும்போது அவர் சொன்னது உண்மை. அவர் உண்மையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இழவு வீட்டுப் பெண் கடைக்கு வந்ததும் தொப்பிகள் கழன்றன. வருத்தம் சொன்னவர்களின் கண் அவள் கையில்தான் இருந்தது. லீட்டா இறால் தொங்கும் சுவருக்கு முன் போய் நின்றாள். தவிட்டு நிறத்தைத் தொட்டாள், விட்டாள். சிவப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கடைசியில் யார் கண்ணையும் பறிக்கும் நீலத்தில் ஒரு பையை உருவினாள். ஒரு பெருமூச்சும் விட்டாள்.

"பையில வைக்கணும் சித்தப்பா," என்றாள் மெதுவாக. மெதுவாகச் சொன்னது கடை முழுக்கக் கேட்டது.

ராய்ஸ் விலையைச் சொன்னார். இழவுக்குமா லாபம் என்று அவள் கேட்டாள். இழவுக்கு விலையைக் குறைத்தால் இந்த ஊரில் வாரம் ஒருத்தன் சாவான் என்றார் அவர். அப்படியானால் கொசுறாவது வேண்டும் என்றாள். ராய்ஸ் கல்லாவை விட்டு எழாமல் வாசலைக் காட்டினார்.

"தொட்டியில கெடக்கறத ஒரு கை அள்ளிக்க. குப்ப வண்டிக்குக் காசு மிச்சம்."

லீட்டா துருப்பிடித்த முள் ஒரு பொட்டலம், கோல் உறை ஒன்று, அவற்றுக்கு நடுவே பச்சை இறால் ஒரு பை என்று அள்ளிக்கொண்டாள். பச்சை தெரியாதபடி முள் பொட்டலத்தை மேலே வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பார்வைக்கு வைத்தார்கள். ஓரின், லீட்டா புதிதாக வாங்கிய வெள்ளைச் சட்டையில், வாழ்நாளில் காட்டாத சாந்தத்தோடு படுத்திருந்தார். இடது பையிலிருந்து நீலக் கொடுக்கு இரண்டு எட்டிப் பார்த்தன. வரிசை மெதுவாக நகர்ந்தது. பெண்கள் முகத்தைப் பார்த்தார்கள், ஆண்கள் பையைப் பார்த்தார்கள். சங்கத் தலைவருமான போதகர் வெண்டல் பெட்டியருகே நின்று ஜெபம் செய்தார். ஒரு கண் மூடியிருந்தது. மறுநாள் அடக்கத்துக்கு முன்பே நீல இறால் கடையில் தீர்ந்துபோனது, ராய்ஸ் உள்ளேயிருந்து பழைய இருப்பை எடுத்து ஒரு டாலர் ஏற்றி விற்றார் என்று, கல்லறையில் அவளுக்குப் பின்னால் நின்ற இருவர் பேசிக்கொண்டார்கள்.

கல்லறையிலிருந்து வந்து, பன்றித் தொடையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சனிக்கிழமைப் பேச்சு வந்தது. ஓரின் படகு உண்டா என்று வெண்டல் கேட்டார். உண்டு என்றாள் லீட்டா. பின்னால் உட்கார ஒரு ஆள் தரலாமே என்று போதகர் இழுத்தார்.

"பேர் குடுத்தது ரெண்டு பேர்," என்றார் ராய்ஸ், தட்டைப் பார்த்தபடி. "அதுல ஒருத்தன் வர முடியாது. அதுக்கு விதி என்ன பண்ணும்? ஒத்தையா வரட்டும்."

"வர்றேன்," என்றாள் லீட்டா.

சனிக்கிழமை தண்ணீர் தேயிலைச் சாறுபோல் இருந்தது. முதல்முறையாக அவள் படகின் முன்தட்டில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ஏரி வேறு ஏரி. வீசுவதற்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. பச்சை இறாலின் இரண்டு கொடுக்கையும் குப்பியில் தோய்த்து, சரளைக் கரையோரம் எறிந்து, கல் கல்லாகத் தடவி இழுத்தாள். தூண்டில் நரம்பில் ஒரு தட்டு. அடுத்த வீட்டுக்காரி கதவைத் தட்டுவதுபோல் சின்னதாக. இழுத்ததும் கோல் வளைந்தது.

நடுப்பகலுக்குள் நான்கு மீன்கள். கீழ் உதட்டில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கிவிடக்கூடிய அளவு, ஆனால் நல்ல கனம். ஒரு படகுக்கு ஐந்து மீன்தான் கணக்கு. தூரத்தில் மற்ற படகுகளில் நீலம் பறந்துகொண்டிருந்தது, கோல் எதுவும் வளையவில்லை. ராய்ஸும் அவர் மருமகனும் மட்டும் மேற்குக் கரையில் சத்தமில்லாமல் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது, மூழ்கிய மரத்தடியில் இரையை எடுத்தது. எடுத்த விதத்திலேயே அது பெரிது என்று தெரிந்தது. மூன்று முறை படகுக்கடியில் பாய்ந்தது, நரம்பு விளிம்பில் உரசிக் கீச்சிட்டது. பிறகு களைத்து, பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய மேலே வந்தது. இதுவரை அவள் வலையில் அள்ளிய எதையும்விடப் பெரியது. இரண்டு கைகளும் கோலில் இருந்தன. ஒரு கையை எடுத்தால் நரம்பு தளரும்.

"வலை," என்றாள் லீட்டா, திரும்பிப் பார்க்காமல்.

கைவலை பின் இருக்கையில், எப்போதும் இருக்கும் இடத்தில், எப்போதும் இருக்கும் விதத்தில் சாய்ந்திருந்தது. மீன் ஒரு முறை தலையை உதறியது. இறால் மட்டும் திரும்பி வந்தது. ஒரு கொடுக்கு இல்லை.

கரை தெரியும் முன் நரம்பை அறுத்தாள். இறாலைச் சட்டைப் பையில் போட்டாள். நீலத்தைக் கட்டினாள். விரல்களைப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, நமுத்த பொரியை மென்றுகொண்டே கடைக்கு ஏறினாள்.

ஒவ்வொருவராக எடை போட்டார்கள். நீலக்காரர்கள் ஏரியைத் திட்டினார்கள். ராய்ஸின் கோலில் சிவப்பு தொங்கியது. அதைக் கடைசி நேரத்தில் கட்டினாரா, காலையிலிருந்து அதுதானா என்று தெரியவில்லை. நீலத்தில் நூறு பை விற்றவர் தான் அதில் ஒன்றைக்கூடக் கட்டியிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

"பொதைக்கறப்பகூட எங்கண்ணன் நெசத்தக் காட்ட மாட்டான்," என்றார் அவளிடம் மட்டும் கேட்கும்படி. அவள் விரல்களைப் பார்த்தார். "அப்பன் தீனியா?"

"ஆமா சித்தப்பா. எடுத்துக்கங்க."

அவர் எடுக்கவில்லை. அவள் மீன்களைத் தராசில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அஞ்சாவது எங்க?"

"படகு வரைக்கும் வந்துச்சு."

"பெருசா?"

"பெருசு."

"அப்புறம் என்ன, வலை..."

ராய்ஸ் நிறுத்தினார். கையிலிருந்த சாக்குக்கட்டி எடை எழுதும் கரும்பலகைக்கு ஒரு விரற்கடை தள்ளி அப்படியே நின்றது. கல்லாவுக்கு மேலே, ஓரின் டாக்கெட் என்று பொறித்த பலகையின் திருகாணியை மருமகன் அதற்குள் கழற்றத் தொடங்கியிருந்தான்.  லீட்டா வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, விரல் நுனியெல்லாம் ஆரஞ்சாக.

"கடைசிச் சொல்லோட வெல, நானூறு," என்றாள். "வாங்கினவர் நம்பலேன்னா வித்தவ என்ன பண்ணுவா?"

ராய்ஸ் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டு எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியது. ராய்ஸ், ஐந்து மீன், பதினோரு பவுண்டு மூன்று அவுன்ஸ். லீட்டா, நான்கு மீன், பத்து பவுண்டு பன்னிரண்டு அவுன்ஸ். குறைவு, ஏழு அவுன்ஸ். நானூறு டாலர் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.